வூஹானில் முதல் வாரம்: இந்திய மாணவர் காண்பதும் காணாததும்

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சீனா என்றதும் நமது நாட்டில் இரண்டு சித்திரங்கள் முன்வைக்கப்படுகின்றன. எல்லைப் பதற்றத்தை மட்டும் காட்டி, அந்நாட்டு மக்கள் அனைவரையும் பகைவர்களாக நிறுத்துவது ஒன்று. வானளாவிய கட்டடங்களையும் அதிவேக ரயில்களையும் ஓடவிட்டு வியப்பில் ஆழ்த்தும் கைப்பேசிக் காணொளிகள் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் வெளியே, பல ஆயிரம் சாட்சிகள் நம்மிடையே இருக்கின்றனர். சீன நகரங்களில் ஐந்தாறு ஆண்டுகள் தங்கிப் படித்துத் திரும்பிய இந்திய மாணவர்களே அவர்கள். அவர்களிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. இயக்கத் தோழர்களும்கூட அதிகம் கேட்டதில்லை.

2018ஆம் ஆண்டில் சீனாவில் 196 நாடுகளைச் சேர்ந்த 4,92,185 வெளிநாட்டு மாணவர்கள் இருந்தனர் என்று அந்நாட்டுக் கல்வி அமைச்சகம் அறிவித்தது. அவர்களில் இந்தியர் 23,198 பேர். தென்கொரியா, தாய்லாந்து, பாகிஸ்தானுக்கு அடுத்து நான்காவது இடம் இந்தியாவுக்கு. அந்த இந்தியர்களில் மிகப் பெரும்பாலோர் மருத்துவம் படிக்கச் சென்றவர்கள். ஒரு தலைமுறை இளைஞர்களின் அனுபவம் இது. இதை ஒரு நகரத்தை வைத்துப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும். அந்த நகரம் வூஹான்.

வூஹான் என்ற பெயர் 2020இல் கொரோனாவோடு சேர்த்து உலகுக்கு அறிமுகமானது. அதற்கு முன்பே அதற்கு ஒரு பெரும் வரலாறு உண்டு. யாங்சி ஆறும் ஹான் ஆறும் கூடும் இடத்தில் வூசாங், ஹான்கோ, ஹான்யாங் என்ற மூன்று ஊர்கள் இணைந்து உருவான நகரம் அது. 1911 அக்டோபர் 10 அன்று வூசாங்கில் வெடித்த படைவீரர் எழுச்சியே மன்னராட்சியை வீழ்த்திய புரட்சியின் தொடக்கம். 1927இல் விவசாயிகள் இயக்க ஊழியர்களுக்கான பயிற்சி நிலையத்தை மாவோ நடத்தியதும் அதே வூசாங்கில்தான். இன்று அங்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். எண்பதுக்கு மேற்பட்ட உயர்கல்வி நிறுவனங்களும் பத்து லட்சம் மாணவர்களும் உள்ள பெரும் கல்வி நகரம் அது.

முதல் வாரம்

பதினெட்டு வயதில் ஒரு மாணவரோ மாணவியோ இந்த நகரில் வந்து இறங்குகின்றனர். முதல் வாரத்தில் அவர்கள் கண்ணில் படுவன எவை?

முதலில் படுவது அளவு. யாங்சியின் அகலம், அதன் மேல் நிற்கும் பாலங்கள், சாலையின் இருபுறமும் முடிவின்றி எழும் அடுக்குமாடிக் குடியிருப்புகள். அடுத்தது ஒழுங்கு. சுரங்க ரயிலில் இரண்டு யுவானில் தொடங்கும் கட்டணம், சில நிமிடங்களுக்கு ஒரு வண்டி, சுத்தமான நிலையங்கள். மூன்றாவது, மாணவிகள் மீண்டும் மீண்டும் சொல்லும் ஒன்று: இரவு பத்து மணிக்குத் தனியாக நடந்து விடுதிக்குத் திரும்ப முடிகிறது. மாலையில் குடியிருப்புகளின் சதுக்கங்களில் வயதான பெண்கள் ஒலிபெருக்கியில் இசையை வைத்துக் கூட்டமாக நடனமாடுகின்றனர். பொது இடம் ஆண்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு எளிமையாகச் சொன்னதில்லை.

பிறகு இடர்கள் தொடங்குகின்றன. கடையில் பணத்தாளை நீட்டினால் கடைக்காரர் திகைக்கிறார். தெருவோரக் காய்கறி வியாபாரி வரை அனைவரும் கைப்பேசியில் பணம் பெறுகின்றனர். இந்திய மாணவருக்கு இதில் வியப்பில்லை. ஆனால், சில ஆண்டுகளுக்கு முன்பு, சீனக் கைப்பேசி எண்ணும் வங்கிக் கணக்கும் கிடைக்கும் வரை, ஒரு தேநீர் வாங்குவதற்கும் மூத்த மாணவர் ஒருவரின் உதவி வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பேசலாம் என்றால் வாட்ஸ்அப் இயங்கவில்லை. கூகுள் திறக்கவில்லை. தங்குமிடத்தைக் காவல் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஊரோ கோடையில் கொதிக்கிறது. சீனாவின் மூன்று உலைக்களங்களில் ஒன்று என்று பழைய காலம்தொட்டே வூஹானுக்குப் பெயர். குளிரிலோ, வடசீன நகரங்களைப் போல வீடுகளுக்குப் பொதுவெப்பமூட்டும் ஏற்பாடு அங்கே கிடையாது. அந்த வசதிக்கான எல்லைக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால், பூஜ்ய டிகிரியை ஒட்டிய இரவுகளைப் போர்வைகளோடு கழிக்க வேண்டும்.

உணவகத்தில் காலையில் எள் விழுது கலந்த ‘சூடான உலர் நூடுல்ஸ்’ கிடைக்கிறது. வூஹான் மக்கள் அதை நடந்துகொண்டே உண்பார்கள். குடிக்கக் கேட்டால் வெந்நீர். ரயிலிலும் மருத்துவமனையிலும் வகுப்பறைத் தாழ்வாரத்திலும் வெந்நீர்க் குழாய். காய்ச்சல் வந்தவருக்குக் கொடுப்பதை எல்லோருக்கும் ஏன் கொடுக்கிறார்கள் என்று புதிய மாணவர் சிரிக்கிறார்.

அந்தச் சிரிப்பிலிருந்துதான் உண்மையான படிப்பு தொடங்க வேண்டும், தோழர்களே. கண்ணில் பட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னே ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கேட்காத வரை முதல் பார்வை வெறும் வியப்பாகவோ வெறும் எரிச்சலாகவோ நின்றுவிடும்.

வெந்நீரும் பாலமும் சொல்லும் வரலாறு

வெந்நீரையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சிய நீரைக் குடிக்கும் பழக்கம் அங்கே பழையதுதான். ஆயினும், அதை நாடு முழுவதற்குமான பொதுப் பழக்கமாக்கியதில் 1952இல் தொடங்கிய நாட்டுப்பற்றுச் சுகாதார இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மருத்துவர்களும் மருந்தும் மிகக் குறைவாக இருந்த ஒரு நாடு, நோயைத் தடுப்பதற்கு மக்களைத் திரட்டியது. வூஹானைச் சுற்றியுள்ள ஹூபெய் மாநிலம் ஏரிகளும் வாய்க்கால்களும் நிறைந்த சமவெளி. நத்தைகள் வழியே பரவும் சிஸ்டோசோமியாசிஸ் என்ற நோய் அங்கே ஊர் ஊராக மனிதரை வாட்டியது. 1950களில் விவசாயிகள் பெருந்திரளாக வாய்க்கால் கரைகளில் இறங்கி, மண்ணைத் தோண்டி நத்தைகளைப் புதைத்தனர். நோய் ஒரே நாளில் ஒழிந்துவிடவில்லை. ஆனால், சுகாதாரம் என்பது மருத்துவமனைக்குள் மட்டும் நடப்பதல்ல என்ற புரிதல் அங்கே வேரூன்றியது.

பாலத்தை எடுத்துக்கொள்வோம். வூஹானில் யாங்சியின் குறுக்கே முதல் பாலம் 1957 அக்டோபரில் திறக்கப்பட்டது. மேல் தளத்தில் சாலை, கீழ்த் தளத்தில் ரயில். அந்த மாபெரும் ஆற்றின் மீது கட்டப்பட்ட முதல் பெரும் பாலம் அதுவே. சோவியத் பொறியாளர்களின் உதவியோடு அது எழுந்தது. மறு ஆண்டிலேயே வூஹானின் இரும்பு உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. இன்றைய மாணவர் பயணிக்கும் சுரங்க ரயில் இந்தத் தொடர்ச்சியில் வருவது.

இதை நமது அனுபவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984இலேயே கொல்கத்தாவில் ஓடத் தொடங்கியது. அப்போது வூஹானில் மெட்ரோ இல்லை. அங்கே முதல் தடம் திறக்கப்பட்டது 2004இல்தான். 2012இல் யாங்சியின் அடியே ரயில் ஓடியது. ஹூக்ளியின் அடியே கொல்கத்தா மெட்ரோ ஓடியது 2024இல். இருபது ஆண்டுகளுக்குள் வூஹானின் மெட்ரோ 400 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சீனர்கள் நம்மைவிடத் திறமைசாலிகள் என்பது இதற்கு விளக்கமாகாது. நிலம் பொது உடைமையாக இருப்பதும், வங்கிகளும் கட்டுமான நிறுவனங்களும் அரசின் கையில் இருப்பதும், திட்டமிடும் அதிகாரம் நகரின் எதிர்காலத்தை முன்கூட்டியே வரையறுப்பதும் சேர்ந்துதான் அந்த வேகம் பிறந்தது.

மருத்துவ மாணவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. வூஹானின் புகழ்பெற்ற தோங்ஜி மருத்துவக் கல்லூரி அங்கே பிறந்ததல்ல. 1907இல் ஷாங்காயில் ஜெர்மானிய மருத்துவர் ஒருவர் தொடங்கியது அது. புரட்சிக்குப் பின் 1950களில், கடற்கரைப் பெருநகரிலிருந்து நாட்டின் நடுப்பகுதியான வூஹானுக்கு அது மாற்றப்பட்டது. மருத்துவக் கல்வி எங்கே தேவையோ அங்கே அதைக் கொண்டுசெல்லும் முடிவை அரசு எடுத்தது. இந்தியாவில் மருத்துவக் கல்லூரிகள் எங்கே தோன்ற வேண்டும் என்பதைப் பல பத்தாண்டுகளாகத் தீர்மானித்தது எது? எங்கே கட்டணம் கட்டக்கூடியவர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்குதானே!

1950ஆம் ஆண்டளவில் இரு நாடுகளிலும் சராசரி ஆயுள் 45 ஆண்டுகளை எட்டவில்லை. இன்று சீனாவில் அது சுமார் 78 ஆண்டுகள். இந்தியாவில் சுமார் 70. அந்த இடைவெளியில்தான் வெந்நீரும் வாய்க்காலும் இடம்மாறிய கல்லூரியும் அடங்கியுள்ளன.

முதல் பார்வைக்குத் தெரியாதவை

இத்தோடு நிறுத்திவிட்டால் அது பிரச்சாரமாகும், ஆய்வாகாது. பளபளப்பான நகரத்துக்குள் மாணவர் காணாத வேறொரு நகரமும் இருக்கிறது.

அந்த அடுக்குமாடிகளைக் கட்டியவர்கள் யார்? விடுதி வாசலில் உணவுப் பொட்டலத்தோடு மின்ஸ்கூட்டரில் பறந்து வருபவர் யார்? பெரும்பாலும் கிராமங்களிலிருந்து வந்த தொழிலாளர்கள். சீனாவில் இவ்வாறு ஊரகப் பதிவுடன் வேளாண்மைக்கு வெளியே உழைப்போர் ஏறத்தாழ 30 கோடி. 1958இல் சட்டமாக்கப்பட்ட ‘ஹூகோ’ என்ற குடும்பப் பதிவு முறை, ஒருவர் எந்த ஊரில் பதிவு பெற்றிருக்கிறாரோ அந்த ஊரோடு அவருடைய கல்வி, மருத்துவ, ஓய்வூதிய உரிமைகளைப் பிணைத்தது. நகரங்களில் இந்த விதிகள் இப்போது பெருமளவு தளர்த்தப்பட்டுள்ளன. எனினும், நகரைக் கட்டியவர் அந்நகரின் முழுக் குடிமகன் ஆவது பலருக்கு இன்னும் எளிதாக இல்லை. பெற்றோர் நகரத்திலும் குழந்தைகள் கிராமத்தில் தாத்தா பாட்டியிடமும் வாழும் குடும்பங்கள் கோடிக்கணக்கில் உருவாயின.

மருத்துவத்திலும் இதே முரண்பாடு. 1960களின் இறுதியிலிருந்து கிராமங்களில் பணியாற்றிய ‘வெறுங்கால் மருத்துவர்கள்’ உலகெங்கும் பேசப்பட்டவர்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட அவர்களைத் தாங்கி நின்றது கம்யூன்களின் கூட்டு நிதி. 1980களில் கம்யூன்கள் கலைக்கப்பட்டபோது அந்த நிதி மறைந்தது; கூட்டு மருத்துவத் திட்டமும் பெரும்பாலான கிராமங்களில் சரிந்தது. மருத்துவமனைகள் தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்ளும்படி விடப்பட்டன. மருந்தும் பரிசோதனையும் வருவாய் வழிகளாயின. 2003இல் சார்ஸ் தொற்று இந்த ஓட்டையை அம்பலப்படுத்தியது. அதே ஆண்டில் புதிய ஊரகக் கூட்டு மருத்துவத் திட்டம் தொடங்கப்பட்டு, பிறகு ஏறத்தாழ மக்கள் அனைவருக்கும் காப்பீடு விரிவாக்கப்பட்டது. சந்தைக்கு விட்டதை அரசு மீண்டும் பொறுப்பேற்க வேண்டியிருந்தது என்பதே இந்த வரலாற்றின் பாடம்.

இந்திய மாணவரின் வகுப்புத் தோழராக இருக்கக்கூடிய சீன மாணவரின் நிலையையும் பார்க்க வேண்டும். 2024இல் 1.3 கோடிக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழக நுழைவுக்கான தேசியத் தேர்வை எழுதினர். அந்த நெருக்கடியைக் கடந்து பட்டம் பெற்றவருக்கும் வேலை உறுதியில்லை. 2023 ஜூனில் நகர்ப்புற இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம் என்று அரசே அறிவித்தது. பிறகு சில மாதங்கள் அந்தப் புள்ளிவிவரத்தை வெளியிடுவதை நிறுத்தி, கணக்கிடும் முறையையும் மாற்றியது.

2020இல் வூஹான் இவ்விரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் உலகுக்குக் காட்டியது. ஜனவரி 23 முதல் ஏப்ரல் 8 வரை 76 நாட்கள் நகரம் அடைக்கப்பட்டிருந்தது. பத்து நாட்களில் ஆயிரம் படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் தொழிலாளர்கள் எழுப்பினர். நாட்டின் பிற பகுதிகளிலிருந்து 42,000க்கு மேற்பட்ட மருத்துவப் பணியாளர்கள் ஹூபெய்க்கு வந்து சேர்ந்தனர். லாபத்துக்காக இயங்கும் எந்த மருத்துவ அமைப்பும் இதைச் செய்திருக்க இயலாது. அதே நகரில்தான், புதிய தொற்றைப் பற்றிச் சக மருத்துவர்களை எச்சரித்த லீ வென்லியாங் என்ற கண் மருத்துவர் ஜனவரித் தொடக்கத்தில் காவல் துறையால் கண்டிக்கப்பட்டார். அதே நோய்க்குப் பிப்ரவரி 7 அன்று அவர் பலியானார். பின்னர் அந்தக் கண்டிப்பு தவறென ஏற்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டது. மக்களைத் திரட்டும் ஆற்றலும், கீழிருந்து வரும் குரலைக் கேட்கத் தவறிய அதிகார மனப்பான்மையும் ஒரே இடத்தில் வெளிப்பட்டன. இரண்டையும் சேர்த்துச் சொல்லத் துணியாதவர் எந்த நாட்டின் சோசலிச அனுபவத்திலிருந்தும் கற்க முடியாது.

ஏன் போகிறார்கள்?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். பெருஞ்செல்வர்களின் பிள்ளைகள் பெரும்பாலும் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் செல்கின்றனர். சீனாவுக்கு மருத்துவம் படிக்கச் செல்வோர் பெரும்பாலும் சிறு வணிகர், ஆசிரியர், அரசு ஊழியர், ஓரளவு நிலமுள்ள விவசாயி ஆகியோரின் பிள்ளைகள். நிலத்தையோ நகையையோ அடகு வைத்துச் செல்வோரும் உண்டு.

2024இல் 24 லட்சத்துக்கு மேற்பட்டோர் நீட் தேர்வுக்குப் பதிவு செய்தனர். நாட்டில் இருந்த எம்.பி.பி.எஸ். இடங்கள் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். அவற்றில் ஏறத்தாழப் பாதி தனியாரிடம். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முழுப் படிப்புக்கும் ஆகும் செலவு ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகிறது. 2019இல் இயற்றப்பட்ட தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், தனியார் கல்லூரிகளின் பாதி இடங்களுக்கு மட்டுமே கட்டண வழிகாட்டுதல் வகுக்கும் அதிகாரத்தை ஆணையத்துக்கு அளித்தது. மறுபாதி சந்தையின் கையில். தகுதி என்ற பெயரில் நடத்தப்படும் தேர்வு, பணமுள்ளவருக்குக் குறைந்த மதிப்பெண்ணிலும் இடமளிக்கிறது. பணமில்லாதவரை அதிக மதிப்பெண்ணிலும் வெளியே நிறுத்துகிறது. சீனப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டவருக்கான மருத்துவப் படிப்புக்குப் பொதுவாக ஆண்டுக்கு மூன்று முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம். ஆகவே, வூஹானுக்கு விமானம் ஏறும் மாணவரை அனுப்பிவைப்பது சீனாவின் கவர்ச்சியைவிட இந்தியாவின் கட்டண அட்டவணையே.

அங்கே போன பிறகு அவர் எந்த நிலையில் இருக்கிறார்? அதே பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கும் சீன மாணவர் ஆண்டுக்குச் சில ஆயிரம் யுவான் மட்டும் செலுத்துகிறார். அவருக்கு அது பொதுக் கல்வி. வெளிநாட்டு மாணவருக்கு அது விலைக்கு வாங்கும் சேவை. விடுதியும் வேறு, வகுப்பும் வேறு. சீன மாணவர்கள் நால்வரோ அதற்கு மேற்பட்டவரோ ஓர் அறையில் நெருங்கியிருக்க, வெளிநாட்டவர் தனி விடுதியில் இருவர் ஓர் அறையில் தங்குகின்றனர். வசதி கூடுதல்தான். ஆனால், அந்த வசதியின் விலை தனிமை. ஐந்தாண்டு ஒரே வளாகத்தில் இருந்தும் ஒரு சீன நண்பர்கூட இல்லாமல் திரும்பிய மாணவர்கள் இருக்கின்றனர்.

வகுப்பு ஆங்கிலத்தில். ஆனால், நோயாளி ஆங்கிலம் பேசுவதில்லை. பாடநூல் சீனமும் அவர் பேசுவதில்லை. வூஹான் வட்டார வழக்கில் வயிற்றுவலியை விவரிக்கும் மூதாட்டியின் படுக்கையருகே, மொழி கற்காத மாணவர் ஊமையாக நிற்கிறார். மருத்துவம் என்பது நோயாளியின் சொல்லைக் கேட்பதில் தொடங்கும் தொழில். அந்தச் சொல் புரியாதபோது, மருத்துவமனைப் பயிற்சி வருகைப் பதிவேட்டில் மட்டும் நிறைவேறுகிறது.

விளைவு என்ன? 2015 முதல் 2021 வரை சீனாவில் படித்துவிட்டு இந்தியாவின் தகுதித் தேர்வை எழுதியவர்கள் 40,417 பேர். தேறியவர்கள் 6,387 பேர் மட்டுமே. பெய்ஜிங்கிலுள்ள இந்தியத் தூதரகம் 2022இல் மாணவர்களுக்கு விடுத்த அறிவுறுத்தலில் தந்த கணக்கு இது. ஏறத்தாழ 16 சதவீதம். மீதமுள்ள 34,000 பேரை ‘தகுதியற்றவர்கள்’ என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவது எளிது. நல்ல கல்லூரி எது, சீன மொழி எவ்வளவு தேவை, மருத்துவமனைப் பயிற்சி எப்படி இருக்கும் என்பதை அவர்களில் பலருக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னவர் தரகர் மட்டுமே. தரகருக்கோ ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று வருமானம்.

கைவிடப்பட்ட தலைமுறை

கொரோனாக் காலம் இந்த மாணவர்களின் நிலையை முழுமையாக வெளிக்கொணர்ந்தது. 2020 பிப்ரவரி 1, 2 தேதிகளில் இரண்டு ஏர் இந்தியா விமானங்கள் வூஹானிலிருந்து 647 இந்தியர்களை அழைத்துவந்தன. பலர் மாணவர்கள். மானேசரிலும் தில்லியின் சாவ்லாவிலும் அவர்கள் தனிமைப்படுத்தப்பட்டனர். அதற்கு இரண்டு நாட்கள் முன்பு, ஜனவரி 30 அன்று, இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி கேரளத்தில் கண்டறியப்பட்டார். அவர் வூஹானிலிருந்து ஊர் திரும்பிய மருத்துவ மாணவி. திருச்சூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அவருக்குச் சிகிச்சை அளித்தது. அவர் குணமடைந்தார். நெருக்கடி வந்தபோது நாட்டைத் தாங்கிய தோள் எது என்பதற்கு இதைவிட எளிய விடை வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு இரண்டரை ஆண்டுகள் அந்த மாணவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லை. சீனா விசா தரவில்லை. சொந்த ஊரின் ஒரு அறையில், கைப்பேசித் திரையில் உடற்கூறியலும் அறுவைச் சிகிச்சையும் கற்றனர். 2022 ஆகஸ்டில்தான் இந்திய மாணவர்களுக்கு மீண்டும் விசா வழங்கப்படத் தொடங்கியது. இடையில், 2021 நவம்பரில் வெளியான புதிய விதிகள் ஒரே வெளிநாட்டு நிறுவனத்தில் 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, திரும்பி வந்து மேலும் 12 மாதப் பயிற்சி என்று நிபந்தனை விதித்தன. மருத்துவமனைப் பயிற்சியை நேரில் முடிக்க முடியாமல் போனவர்களின் பிரச்சனை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இந்தியாவில் இரண்டு ஆண்டுகள் பயிற்சி செய்யலாம் என்று சில பிரிவினருக்கு வழி பிறந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் உதவித்தொகையின்றி, அல்லது மற்றவர்களைவிடக் குறைந்த தொகைக்கு, இரவுபகலாக வேலை வாங்கப்படுவதாகப் பல மாநிலங்களில் பட்டதாரிகள் தொடர்ந்து புகார் கூறிவருகின்றனர். மருத்துவர் பற்றாக்குறையைப் பேசும் அரசுகள் தம் கண்முன்னே நிற்கும் இந்த இளைஞர்களின் உழைப்பைக் கூலியின்றிப் பெற அனுமதிப்பது வெட்கக்கேடு.

ஹான்கோ வழியே சென்ற ஐவர்

வூஹானுக்கு இந்திய மருத்துவம் முதன்முதலாகச் சென்றது கட்டணம் கட்டி அல்ல என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். ஜப்பானிய ஏகாதிபத்தியத்துக்கு எதிராகச் சீன மக்கள் போராடிக்கொண்டிருந்தபோது, தளபதி சூ டே உதவி கேட்டு நேருவுக்கு எழுதினார். 1938 செப்டம்பரில் இந்திய மக்களின் சார்பில் ஐந்து மருத்துவர்கள் பம்பாயிலிருந்து கப்பலேறினர். அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. அவர்கள் அப்போது போர்முனைத் தலைநகராக இருந்த ஹான்கோவை, அதாவது இன்றைய வூஹானை அடைந்து, பிறகு யெனான் சென்றனர். துவாரகநாத் கோட்னிஸ் சீன மொழியைக் கற்றார். போராளிகளுக்கும் விவசாயிகளுக்கும் அவர்கள் மொழியிலேயே பேசிச் சிகிச்சை அளித்தார். பெதூன் பெயரால் அமைந்த சர்வதேச அமைதி மருத்துவமனைக்குப் பொறுப்பேற்று, இளம் மருத்துவர்களுக்குக் கற்பித்தார். 1942இல் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று, 32 வயதில் மறைந்தார்.

இன்றைய மாணவரிடம் கோட்னிஸின் தியாகத்தை எதிர்பார்ப்பது நியாயமல்ல. அவர் சென்றது ஒரு மக்கள் இயக்கத்தின் தூதராக. இவர் செல்வது கடனோடு, ஒரு தரகரின் கைப்பிடித்து. ஆனால், அன்று இரு நாட்டு மக்களுக்கிடையே இருந்த ஒன்று இன்று இடைத்தரகு வணிகமாகச் சுருங்கியது எப்படி என்று கேட்பது நியாயம். மொழியைக் கற்றவருக்கே அந்நாட்டு மக்கள் திறந்துகொடுக்கிறார்கள் என்ற அவருடைய பாடம் இன்றும் செல்லும்.

செய்ய வேண்டியவை

தோழர்களே, இந்த அனுபவத்திலிருந்து சில கடமைகள் எழுகின்றன.

முதலாவது, கிளைப் பகுதிகளில் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பத் தயாராகும் குடும்பத்துக்குத் தரகருக்கு முன்பே தோழர்கள் சென்று சேர வேண்டும். அக்கல்லூரி ஆங்கிலவழி மருத்துவம் கற்பிக்கச் சீனக் கல்வி அமைச்சகத்தின் அனுமதி பெற்றதா, முழுப் படிப்பும் பயிற்சியும் ஒரே நிறுவனத்தில் நடக்குமா, முந்தைய மாணவர்கள் எத்தனை பேர் இந்தியத் தகுதித் தேர்வில் தேறினர் என்ற மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்ய வேண்டும். போவது உறுதியானால், சீன மொழியை முதல் நாளிலிருந்தே கற்கும்படி வலியுறுத்த வேண்டும்.

இரண்டாவது, திரும்பி வந்த மருத்துவர்களும் தேர்வில் தோற்று நிற்போரும் தனித்தனியே துவண்டுபோக விடக்கூடாது. பயிற்சிக்கால உதவித்தொகை, அரசு மருத்துவமனைகளில் போதிய பயிற்சி இடங்கள், தேர்வுக்கான அரசுப் பயிற்சி வகுப்புகள் ஆகிய கோரிக்கைகளின் மேல் அவர்களை ஒன்றுதிரட்ட இயலும்.

மூன்றாவது, அடிப்படையானது: ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி, தனியார் கல்லூரிகளின் அனைத்து இடங்களுக்கும் கட்டணக் கட்டுப்பாடு, அரசுப் பள்ளி மாணவருக்கு உரிய பங்கு. இவை நடைமுறைக்கு ஒவ்வாத கனவுகள் அல்ல. அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2020இல் சட்டமாக்கியதும், அதுவரை மருத்துவக் கல்லூரி வாசலையே காணாத கூலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளே நுழைந்தனர்.

நான்காவது, திரும்பி வந்தவர்களிடம் கேட்க வேண்டும். என்ன கண்டீர்கள், எது பிடித்தது, எது நெருடியது, அங்கே உணவு கொண்டுவந்தவர் எந்த ஊர்க்காரர், உங்கள் நோயாளி எவ்வளவு கட்டணம் செலுத்தினார் என்று பொறுமையாகக் கேட்க வேண்டும். வெறுப்புப் பிரச்சாரத்துக்கும் வெறும் புகழாரத்துக்கும் சரியான மறுப்பு அந்த விடைகளில்தான் கிடைக்கும்.

இரவில் அச்சமின்றி நடக்கக்கூடிய தெரு, இரண்டு யுவானில் தொடங்கும் ரயில் பயணம், தேவையுள்ள ஊருக்கு மாற்றப்பட்ட கல்லூரி ஆகியவற்றை வூஹானில் கண்டு வியக்கும் மாணவர், அவை தன் ஊரில் ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்கும் நாளில் அரசியல் மாணவர் ஆகிறார். அந்தக் கேள்வியோடு அவர் திரும்பும்போது அவரை வரவேற்க ஓர் இயக்கம் இங்கே இருக்க வேண்டும். அது நமது பொறுப்பு.